வண்டி நடுவழியில் நிற்கிறதா? முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்!

பழைய பைக், மொபெட்டுகளில் பெட்ரோல் கோளாறை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கும் முறை

தோவாளை பூச்சந்தையில் விடிவதற்கு முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். பிச்சி, மல்லிகை, கிரேந்தி, அரளி என்று வந்து இறங்கும் பூவில் கணிசமான பங்கு கேரளாவுக்குப் போகிறது. வெளியூர்ப் பூ வேனிலும் லாரியிலும் வரும். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூ வந்து சேர்வது பெரும்பாலும் பைக்கிலும் மொபெட்டிலும்தான். மொட்டு விரிவதற்குள் சந்தைக்குப் போனால் ஒரு விலை. விரிந்த பிறகு போனால், கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அந்த வட்டாரத்துப் பிச்சிப்பூ விவசாயி ஒருவர் வாசகர் கேள்விப் பகுதிக்கு அனுப்பிய கடிதத்தின் சுருக்கம் இது: ‘2006-ல் வாங்கிய 100 சி.சி. வண்டி. பூ மூட்டையோடு கிளம்பினால் ஆறேழு கிலோமீட்டரில் முக்கி முக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. பிளக் மாற்றியாயிற்று. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாயிற்று. இப்போது புது கார்புரேட்டர் போட வேண்டும், அதிலும் சரியாகாவிட்டால் என்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள். டேங்க் நிறைய பெட்ரோல் போட்ட அன்றைக்குத்தான் தொல்லை அதிகம். மழைத்தண்ணீர் போய்விடக் கூடாது என்று மூடியில் பாலித்தீன் கவர் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன், ஆகவே தண்ணீர் இறங்கியிருக்க வாய்ப்பில்லை. வண்டியை விற்றுவிடலாமா?’

விற்க வேண்டாம். புது கார்புரேட்டரும் இப்போதைக்கு வேண்டாம். கடிதத்தின் கடைசி மூன்று வரிகளைப் படித்தவுடனே சந்தேகம் ஓர் இடத்தில் போய் நிற்கிறது. அது எந்த இடம் என்பதைப் பார்க்கும் முன், பழைய வண்டியில் பெட்ரோல் எந்த வழியாக என்ஜினுக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இனி எந்தக் கோளாறு வந்தாலும் இருட்டில் தடவ வேண்டியிருக்காது.

வாய்க்கால் மாதிரிதான்

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 விதிமுறை வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப் உண்டு. பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜெக்டருக்குத் தள்ளும். அந்த வண்டிகளில் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யக் கூடாது. அதற்கு முந்தைய சிறிய வண்டிகளில், டி.வி.எஸ். 50, எக்ஸ்.எல். சூப்பர், எம்-80, ஆர்.எக்ஸ். 100, சி.டி. 100, ஸ்ப்ளெண்டர் என்று கிராமத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில், பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பேச்சிப்பாறைத் தண்ணீர் வயலுக்கு வருவது போல, பெட்ரோல் தன் எடையால் தானாகவே இறங்குகிறது.

வழியில் இருப்பவை ஐந்தே இடங்கள். டேங்க் மூடி, பெட்ரோல் டேப், ட்யூப், கார்புரேட்டரின் அடியிலுள்ள கப், கப்பிலிருந்து உறிஞ்சும் ஜெட்டுகள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மடையில் இருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். கடைசி வயலின் வரப்பை வெட்டிப் பார்க்க மாட்டார்கள். வண்டி விஷயத்தில் மட்டும் எல்லாரும் கடைசி வயலில், அதாவது கார்புரேட்டரில், ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் பணம் அதிகம் செலவாகிறது.

என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 670 மில்லி ஆகும். நிமிடத்துக்கு 11 மில்லி. இரண்டு டீஸ்பூன் அளவு. மூட்டையோடு மேட்டில் ஏறும்போது இதுபோல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். இந்தச் சின்ன அளவுகூடப் போய்ச் சேரவில்லை என்றால், வழியில் ஏதோ நன்றாகவே அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நன்றாக அடைத்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

பெட்ரோல் கோளாறுதானா?

கரன்ட் கோளாறும் இதே வேஷம் போடும். பழசாகிப்போன இக்னிஷன் காயில் சூடேறினால் வேலை செய்யாது, ஆறினால் வேலை செய்யும். வண்டி ஓடி நின்று, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, வண்டி நின்ற அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டால் தடயம் போய்விடும்.

நாலைந்து முறை கிக் அடித்தபின் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது. பல நாள் ஓடிய பிளக் என்றால் நிறத்தையும் பாருங்கள். காபிப்பொடி நிறம் நல்லது. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கும்பப்பூ அறுவடை நேரத்தில் களத்துப் பக்கமே ஓடும் வண்டிகளில் தூசியும் உமியும் ஏறி ஃபில்டர் அடைப்பது சகஜம். அப்படி அடைத்தால் கறுப்புப் புகை வரும், மைலேஜ் சரியும்.

இன்னொரு எளிய சோதனை சோக். ஓடும்போது முக்குகிறதே, அப்போது சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. இன்னும் மோசமானால் பெட்ரோல் மிகுதி. ஒரு பைசா செலவில்லாத இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். பெட்ரோல் பற்றாக்குறை போலத் தோன்றும் வேறொரு கோளாறும் உண்டு. கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுத்தாலும் இதே அறிகுறிதான். ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இடத்தைச் சுற்றித் தண்ணீரை லேசாகத் தெளித்தால் என்ஜின் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிக்கிறார்கள். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் தெளிப்பது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவது.

மூடியில் ஓர் ஓட்டை

தேங்காய் எண்ணெய் டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் கொஞ்சம் வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக வரும். உள்ளே காற்று போகாமல் வெளியே எண்ணெய் வராது. பெட்ரோல் டேங்கும் அதே டின்தான். அதன் இரண்டாவது ஓட்டை மூடியில் இருக்கிறது. சில மூடிகளில் நடுவில் ஊசித்துளை தெரியும். சிலவற்றில் பூட்டுக்கும் ரப்பர் வாஷருக்கும் இடையே வளைந்து வளைந்து போகும் பாதை. மண், துரு, வண்டி கழுவும் சோப்பு, சாவித்துளையில் விட்ட கிரீஸ், கடலோர ஊர்களில் உப்புக்காற்று தரும் பூஞ்சணம் போன்ற படிவு, இதில் ஏதாவது ஒன்று போதும், அந்தப் பாதை அடைத்துப் போகும்.

அடைத்தவுடனே வண்டி நிற்காது. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பெட்ரோல் இறங்க இறங்க, டேங்கின் மேற்பகுதியிலுள்ள காற்று நெகிழ்ந்து அழுத்தம் குறைகிறது. பெட்ரோலைக் கீழே தள்ளுவது ஒரு சாண் உயரமுள்ள பெட்ரோலின் எடை மட்டுமே. அது காற்றழுத்தத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆகவே உள்ளிருக்கும் காற்று நூற்றில் இரண்டு பங்கு நெகிழ்ந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். டேங்கில் 4 லிட்டர் அளவு வெற்றிடம் இருந்தால் 80 மில்லிக்குள் ஆட்டம் முடிந்தது. கப்பில் மிச்சமிருப்பதையும் சேர்த்தால் ஏழெட்டு நிமிடம், பத்து நிமிடம் ஓடும். நின்ற பிறகு காற்று மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆறேழு கிலோமீட்டர் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

டேங்க் நிறைய இருந்தால்? மேலே காற்றுக்கு இடமே குறைவு. ஒரு லிட்டர் அளவு இடம்தான் இருக்கிறதென்றால் 20 மில்லியிலேயே மூச்சு முட்டிவிடும். ‘டேங்க் நிறைய போட்ட அன்றைக்குத்தான் தொல்லை’ என்று கடிதத்தில் இருக்கும் வரி சும்மா எழுதப்பட்டதல்ல. பெட்ரோல் தீரப்போகும் வண்டி நிற்பது இயல்பு. பெட்ரோல் நிறைந்த வண்டி சீக்கிரம் நிற்கிறது என்றால் மூடியைத் தவிர வேறெதையும் முதலில் தொட வேண்டியதில்லை.

அந்தப் பாலித்தீன் கவரும் இங்கேதான் வருகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. மூடியைக் கவரால் மூடிக் கட்டும் பழக்கம் இங்கே வந்ததில் வியப்பில்லை. ஆனால் கவர் இறுக்கமாக ஒட்டினால் தண்ணீருக்கும் தடை, காற்றுக்கும் தடை. ரெக்சின் டேங்க் கவர் மூடியின் மேலேயே படிந்து கிடந்தாலும் இதே கதைதான்.

சோதனை சுலபம். வண்டி நின்றதும் என்ஜினை ஆறவிடாமல் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் வருகிறதா? அரை நிமிடம் விட்டு மூடியை லேசாக வைத்து ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் கோளாறு கையில் இருக்கும் மூடியில்தான். மூடியைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, பஞ்சர் கடையில் காற்று அடித்து, வாயால் ஊதினால் காற்று போகிறதா என்று பார்த்து மாட்டலாம். ரப்பர் வாஷர் நைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கார்புரேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பாட்டில் சோதனை

மூடி நன்றாக இருக்கிறதென்றால் அடுத்த இடம் டேப். கார்புரேட்டர் பக்கம் ட்யூபைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறங்கள். இதற்கு முன் சில விஷயங்கள் கட்டாயம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. அடுப்படித் திண்ணை, ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூடம் இவற்றின் அருகே நினைத்தே பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலும் ஆஸ்பத்திரிதான். எடுத்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைக்கவும் கூடாது. தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் குடித்துவிடும்.

இப்போது மூடியை மூடிவைத்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு நிமிடத்தில் 100 மில்லி இறங்கினால் 100 சி.சி. வண்டியின் தேவையைவிட அது பல மடங்கு. நன்றாக ஆரம்பித்துப் போகப்போக மெலிந்தால் மூடியைத் திறங்கள். திறந்ததும் வேகம் கூடினால் பழைய குற்றவாளியேதான். திறந்தும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதென்றால் டேப் அடைப்பு.

டேப்பை ‘ஆன்’, ‘ரிசர்வ்’ இரண்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆன் என்பது டேங்குக்குள் கொஞ்சம் உயரமாக நிற்கும் குழாய் வழியாக எடுப்பது. ரிசர்வ் அடிமட்டத்தில் இருந்து எடுப்பது. ஆனில் வராமல் ரிசர்வில் வந்தால் குழாய் அடைப்பு. ரிசர்வில் போட்டதும் திக்கினால் அடியில் துருவோ தண்ணீரோ தங்கியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ரிசர்வ் பக்கமே திருப்பாத வண்டிகளில், ஒருநாள் பெட்ரோல் தீர்ந்து திருப்பியதும் மொத்த வண்டலும் கார்புரேட்டருக்குப் போய்ச் சேரும். அப்போது, ‘நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி’ என்பார்கள்.

டேப்பின் உள்முனையில் சின்ன வலை இருக்கும். டேங்கைக் காலி செய்துவிட்டு டேப்பைக் கழற்றினால் அதைக் கழுவலாம். வலையில் செந்நிறத் தூள் படிந்திருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. டேங்கைக் கழற்றி, ஓர் இரவு வினிகர் ஊற்றி ஊறவைத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, கடைசியில் கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசினால் மேலோட்டமான துரு போய்விடும். உள்ளே நட்டு, சரளை போட்டுக் குலுக்குகிறவர்கள் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும். டேங்கில் ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் வேலையை அதற்கென்று இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். காலி டேங்க் என்பது நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருப்பது முழுக்க ஆவி.

ட்யூபைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு விரலால் மடக்கினால் வெடிப்புத் தெரிந்தாலோ, பிளாஸ்டிக் போல விறைத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். இடையில் தனி ஃபில்டர் போட்டிருந்தால் அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

தண்ணீர், எத்தனால், மழை

கார்புரேட்டர் கப்பின் அடியில் ஒரு ட்ரெய்ன் ஸ்க்ரூ உண்டு. டேப்பை மூடிவிட்டு அதைத் தளர்த்தினால் கப்பில் இருப்பது வெளியே வரும். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாக ஏதாவது நின்றால், வண்டி நின்றதற்கு அதுவே காரணம்.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். எப்போதும் அடிக்கே போகும். முன்பெல்லாம் முத்து முத்தாகத் தெரியும். இப்போது கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003-ல் 5 சதவீதத்தோடு சில மாநிலங்களில் ஆரம்பித்தது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. 2025-க்குள் அது நாடு முழுவதும் சாதாரணமாகிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்து எத்தனால் எடுப்பதால் விவசாயிகளுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொண்டு எரிந்தும் போகும், அதுவரை நல்லதே. 10 சதவீதக் கலப்பில் ஏறக்குறைய அரை சதவீதம்வரை தண்ணீர் கலந்து நிற்கும். 5 லிட்டருக்கு 25 மில்லி. 20 சதவீதத்தில் இன்னும் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லை தாண்டினால் தண்ணீர் மட்டும் பிரிவதில்லை. எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேப் எடுப்பது அடியில் இருந்துதானே? வண்டிக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்ச் சாராயம்தான். சாயங்காலம் ஓடிய வண்டி குளிர்ந்த விடியற்காலையில் மக்கர் செய்வதற்கும் இது ஒரு காரணம். குளிர்ந்தால் தாங்கும் அளவு குறைந்துவிடும்.

மழையில் நிற்கும் வண்டியில் தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் நைந்த வாஷர் வழியாக. டேங்கோடு படிந்த மூடியுள்ள வண்டிகளில் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரை வெளியேற்ற ஒரு சின்னத் துளையும் குழாயும் இருக்கும். அது அடைத்தால் மூடி குளத்துக்குள் நிற்கும். பெட்ரோலை வடித்துவிட்டு டேங்கைக் காயவைத்தால் போதும்; பிரிந்துபோன பெட்ரோலைக் குலுக்கி மறுபடி கலக்க முயல்வதில் பயனில்லை. வடித்ததை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பங்கிலேயே தண்ணீர் கலந்து வந்ததோ என்று சந்தேகம் வந்தால் பில்லையும் பாட்டிலில் பிடித்த மாதிரியையும் வைத்துக்கொண்டு அன்றைக்கே கேளுங்கள். அடர்த்தி பார்ப்பது, ஃபில்டர் பேப்பர் சோதனை, 5 லிட்டர் அளவைச் சோதனை இவற்றைக் கேட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஃபில்டர் பேப்பர் கலப்படத்தைக் காட்டும், தண்ணீரைக் காட்டாது. தண்ணீருக்குக் கண்ணாடிப் பாட்டில்தான் சாட்சி.

எத்தனால் வந்ததில் இருந்து மைலேஜ் பாதியாகிவிட்டது என்ற புகாரும் வருகிறது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கை, பழைய வகை இரு சக்கர வண்டிகளில் 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்கிறது. 60 கொடுத்த வண்டி 58 கொடுக்கும். 45 கொடுக்கிறது என்றால் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை. வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது. பிரேசிலில் பல ஆண்டுகளாக 27 சதவீதக் கலப்பு ஓடியது. அங்கே வண்டிகளையே அதற்கேற்பச் செய்தார்கள் என்பது வேறு. இங்கே 20 வயதான வண்டியின் ரப்பர் ட்யூபும் வாஷரும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதிப்போகலாம், விறைக்கலாம். டேங்கில் பழைய படிவு இருந்தால் எத்தனால் அதைக் கரைத்துக் கீழே கொண்டுவரும். ஆகவே ட்யூப், வாஷர், டேப் வலை மூன்றையும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒக்கி மாதிரிப் புயல் வெள்ளத்தில் வண்டி மூழ்கியிருந்தால் மட்டும் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. கிக் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, டேங்க், கப், ஆயில் எல்லாவற்றையும் வடித்த பிறகே அடுத்த வேலை.

கார்புரேட்டர் கடைசியில்

கப் வரை நல்ல பெட்ரோல் தாராளமாக வருகிறது, ஆனாலும் வண்டி சரியில்லை என்றால் இப்போது கார்புரேட்டரைத் தொடலாம். எந்த ஜெட் என்பதை வண்டியே சொல்லும். சோக் போட்டால் ஓடி, சோக்கை விட்டதும் நின்றால், சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்தால், ஸ்லோ ஜெட் அடைப்பு. ஐட்லிங் அருமையாக நின்று, முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது இழுக்காமல் முக்கினால் மெயின் ஜெட். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை. ஒரு துகள் மாட்டியிருந்தாலும் போதும். எதிர்மாறாக ஊசி ஒட்டிக்கொண்டால் கப்புக்குப் பெட்ரோலே வராது. கப்பை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் விட்டுவிடும்; ஆனால் மறுபடி ஒட்டும், கழுவ வேண்டும்.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிற வண்டிகளில் ஸ்லோ ஜெட் அடைப்பு அதிகம் வருவதற்குத் தொழிலே காரணம். அடைமழையில் வெட்டு இல்லை. இலையுதிர்ந்து மரம் ஓய்வெடுக்கும் மாசி, பங்குனியிலும் பல தோட்டங்களில் வெட்டு இல்லை. வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கும். கப்பிலிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மட்டும் மிஞ்சும். ஆயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகளில் இன்னும் மோசம்; பெட்ரோல் போய் ஆயில் மட்டும் கப்பில் உறையும். இரண்டு மூன்று வாரம் வண்டி எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால், டேப்பை மூடி, தானாக அணையும்வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கப் காய்ந்துவிடும். டேங்கை மட்டும் நிறைத்து வையுங்கள். காலி இடம் குறைந்தால் ஈரமும் துருவும் குறையும்.

ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பித்தளை; மிருதுவானது. அதில் கம்பியோ ஊசியோ விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகி, அன்றிலிருந்து மைலேஜ் போச்சு. ஈர்க்குக் குச்சி உள்ளே ஒடிந்து மாட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடிப்பதே முறை. அதற்கும் அசையாத படிவு என்றால், தூண்டில் போடும் மெல்லிய தங்கூசி நரம்பில் ஒரு துண்டு. குளச்சல், முட்டம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஜெட்டுகளைக் கழற்றும்போது ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதே சுற்றில் திருப்பி வைக்க வேண்டும்.

தோவாளை வாசகருக்கு

கவரைக் கழற்றிவிட்டு, டேங்கை நிறைத்து, மூட்டை இல்லாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் வேலை முடிந்தது. நின்றால் அங்கேயே மூடியைத் திறந்து ‘புஸ்’ சத்தம் கேளுங்கள். கேட்டால் மூடியைக் கழுவி வாஷரை மாற்றுங்கள். சத்தமும் இல்லை, பிளக்கும் நனைந்திருக்கிறது என்றால் அது காயில் வேலை. கார்புரேட்டருக்குப் போகாமல் எலக்ட்ரிக்கல் மெக்கானிக்கிடம் போக வேண்டும். பிளக் காய்ந்திருந்தால் பாட்டில் சோதனை.

மழைக்கு என்ன செய்வது? புது வாஷர் போட்ட மூடி ஓடும்போது மழை தாங்கும். இரவில் வெளியே நிறுத்த வேண்டியிருந்தால், மேலே துருத்திக்கொண்டிருக்கும் மூடி என்றால் ஒரு பெரிய சிரட்டையைக் கவிழ்த்து வைத்தாலே போதும். மழைத்தண்ணீர் வழிந்து ஓடும், ஓரத்து இடுக்கில் காற்றும் போகும். காலையில் கிளம்பும்போது அதை எடுத்துவிட வேண்டும்.